ஊரில் பெற்றோர் தனியாக இருக்கிறார்கள்: விடியற்காலையில் நெஞ்சுவலி வந்தால் முதலில் எங்கே போவது?

வயல்மேடு | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் நடந்ததை எழுதிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு 67 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. அம்மாவும் அவரும் ஊரில் தனியாக இருக்கிறார்கள். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு அம்மாவிடமிருந்து போன். அப்பாவுக்கு நெஞ்சை அடைக்கிறது, சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணீர் கொடுத்து அரை மணி நேரம் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் பக்கத்து வீட்டு மாமாவின் ஆட்டோவில் கிளம்பினார்கள்.

எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அன்று அதில் லைட் எரிந்துகொண்டிருந்தது. ஆட்டோ அதைத் தாண்டித்தான் போனது. அங்கே காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும்தானே பார்ப்பார்கள் என்று யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. டவுனில் ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குப் போனார்கள். ஈசிஜி எடுக்க ஆள் வர முக்கால் மணி நேரம். முன்பணம் கட்ட அரை மணி நேரம். அதற்குப் பிறகு, "இங்கே வசதி இல்லை, மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போங்கள்" என்றார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது ஆறே முக்கால். டூட்டி டாக்டர் முதலில் கேட்டதே "வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்றுதான். அம்மா நேரத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயம் ரத்தத்தை இறைக்கும் திறன் குறைந்துவிட்டது. மாடிப்படி ஏற முடியவில்லை.

என் கேள்வி இதுதான். அன்று நாங்கள் எங்கே போயிருக்க வேண்டும்? இனி ஒரு முறை ஆனால் அம்மா தனியாக என்ன செய்ய வேண்டும்? அரசாங்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டப் போகிறேன்.

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 10.05

தம்பி, நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 26 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவள். உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அந்த லைட் எரிந்த கட்டிடத்துக்குள் அன்று என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

2023 ஜூனில் "இதயம் காப்போம்" என்று ஒரு திட்டம் வந்தது. நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஈசிஜி எடுத்து, மாரடைப்பு என்று தெரிந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே முதல் டோஸைக் கொடுத்துவிட வேண்டும். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டேட்டின் 8. மொத்தம் 14 மாத்திரை. முதல் தடவை நான் கொடுத்தது ஒரு கரும்பு வெட்டும் ஆளுக்கு. உள்ளங்கையில் குவித்து வைத்ததும், "இத்தனையுமா சிஸ்டர்?" என்று கேட்டார். ஆஸ்பிரினை மட்டும் மென்று விழுங்கச் சொன்னேன். மற்றதை மூன்று வாய் தண்ணீரில் போட்டுக்கொண்டார். அதற்குள் 108 வாசலில் நின்றது. ஒரு மாதம் கழித்து நடந்தே வந்து, "அந்த 14 மாத்திரை சிஸ்டர் யார்?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த மாத்திரைகளை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு நெஞ்சு வலித்தால் போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வயிற்றுப் புண், மூளையில் ரத்தக் கசிவு, பெருநாடிக் கிழிசல் இருந்தால் இதே மாத்திரை ஆளைக் கொல்லும். ஈசிஜியும் அதைப் பார்க்கத் தெரிந்தவரும் வேண்டும்.

முன்னோடி | திங்கள், காலை 7.30

108-இல் ஈஎம்டியாக, அதாவது வண்டியில் வரும் அவசர மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். அண்ணா, உங்கள் கதையில் எனக்கு வலித்த இடம் ஆட்டோதான். 108 தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. ஆனாலும் மாரடைப்புக்கு ஆட்டோவில் வருகிறவர்களை இன்றும் நிறையப் பார்க்கிறேன்.

வண்டி வர இருபது நிமிடம் ஆகும், அதற்குள் நாமே போய்விடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கே போவது என்று தெரிந்திருந்தால் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் தெரிவதில்லை. எந்த ஆஸ்பத்திரியில் இப்போது ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும், இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப் எங்கே இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். போகும்போதே அங்கே போன் செய்துவிடுவோம். ஸ்ட்ரெச்சர் வாசலுக்கு வந்துவிடும். வழியில் இதயம் நின்றால் ஆட்டோவில் யார் என்ன செய்ய முடியும்?

போன் செய்யும்போது அம்மாவிடம் சொல்லி வையுங்கள்: ஊர் பெயர், பஞ்சாயத்து பெயர், தெரு முனையில் என்ன இருக்கிறது, இந்த மூன்றையும் சொல்ல வேண்டும். "நடுத்தெரு" என்று மட்டும் சொன்னால் அதே பெயரில் நான்கு ஊரில் தெரு இருக்கிறது. யாராவது ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டில் வந்து நின்றால் எங்களுக்கு ஐந்து நிமிடம் மிச்சம். நோயாளியை நடக்க விடாதீர்கள். வண்டிக்குக் காசு கிடையாது, யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

தெற்குவீதி | திங்கள், காலை 11.48

எல்லாம் சரிதான். ஆனால் நான் பார்த்ததையும் சொல்லியாக வேண்டும்.

என் மாமியாரை இரவு பதினொன்றுக்கு ஒரு தாலுகா ஜிஎச்சுக்குக் கொண்டு போனோம். பக்கவாதம். ஒரே ஒரு டூட்டி டாக்டர், அவரும் விபத்தில் அடிபட்ட இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிடி ஸ்கேன் இருந்தது, இரவில் எடுக்க ஆள் இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ரெஃபர். அங்கே ஸ்ட்ரெச்சர் தள்ள நூறு ரூபாய், வார்டில் படுக்க வைக்க இன்னொரு நூறு ரூபாய். படுக்கை இல்லை, இரண்டு நாள் பாயில்தான் கிடந்தார். டாக்டர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன்.

அதனால் திட்டத்தின் பெயர்களைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. பெயர் இருக்கிறது, ராத்திரியில் ஆள் இல்லை. இதை எழுதாமல் தாளை மட்டும் சுவரில் ஒட்டினால் போதுமா?

இரவுப்பணி | திங்கள், மதியம் 2.20

அம்மா, உங்கள் கோபம் நியாயம். காசு கேட்பது பாவம் என்று நான் வார்டில் இருந்தபோதே சண்டை போட்டிருக்கிறேன். காலியிடங்களை நிரப்பாமல் இருக்கிறவர்களிடம் ஒரே ஆள் மூன்று வேலை பார்ப்பதன் வலியைச் சொல்லவும் செய்திருக்கிறோம். அரசின் சுகாதார உதவி எண் 104-க்குப் புகார் சொல்லலாம். ஆஸ்பத்திரி கண்காணிப்பாளர் பெயருக்கு எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினால் அதற்கு மதிப்பு கூடுதல்.

குதிரைவாலி | திங்கள், இரவு 8.40

ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதராஸ் மாகாணத்தில் 1939-இலேயே பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. நோய்க்கு வைத்தியம் பார்ப்பது ஒரு துறை, நோய் வராமல் பார்ப்பது வேறொரு துறை என்று இங்கே பிரித்து வைத்தார்கள். எங்களை மாதிரி ஆட்களுக்கு ஊசி போடத் தெரியாது. ஆனால் எந்தத் தெருக் குழாயில் குளோரின் இல்லை என்று தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு எங்களை அனுப்பினார்கள். பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்கு நடுவில்தான் தூங்கினோம். அத்தனை பேர் இறந்த இடத்தில், முகாம்களில் அவ்வளவு கூட்டம் இருந்தும், கொள்ளைநோய் பரவவில்லை. அதை நான் என் வேலையின் பெரிய நாட்களாக நினைக்கிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தெற்குவீதி அம்மா கேட்டதற்குப் பதில் இதற்குள் இருக்கிறது. பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018–20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. குழந்தை இறப்பு 2020-இல் ஆயிரத்துக்கு நாட்டில் 28, இங்கே 13. பெரிய டாக்டர்கள் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போன மூன்றாவது மாதத்துக்குள் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் அவள் பெயர் ஏறிவிடும். பிக்மி எண் என்கிற கர்ப்பப் பதிவு எண்ணைப் போட்டுவிடுவார்கள். ரத்தம் எவ்வளவு, முதல் குழந்தை சிசேரியனா, வீட்டுக்காரர் எங்கே, எந்தத் தேதி, சிக்கல் என்றால் எந்த சீமாங் மையம் (அவசரப் பிரசவ சிகிச்சை மையம்), எல்லாம் முன்கூட்டியே எழுதியிருக்கும். மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் அந்தப் பதிவோடு கட்டியிருப்பதால் யாரும் விடுவதில்லை. வலி எடுக்கும் இரவில் அவள் எங்கே போவாள் என்பது ஆறு மாதத்துக்கு முன்பே முடிவாகியிருக்கும். மூன்று ஷிப்டிலும் நர்ஸ் இருப்பது பிரசவத்துக்காகத்தான் ஆரம்பித்தது.

வயல்மேடு தம்பியின் அப்பாவை அப்படி யாருக்குத் தெரியும்? பத்து வருடச் சர்க்கரை. எந்தப் பதிவேட்டிலும் இல்லை. விடியற்காலை மூன்றரை மணிக்குத்தான் அவர் முதன்முதலாக ஒரு நோயாளி ஆகிறார். ஓட்டை அங்கேதான் இருக்கிறது. ராத்திரி டாக்டர் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும், சண்டை போட்டுக் கேட்க வேண்டும். ஆனால் பகலில் அப்பாவின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது நம் கையில் இருக்கிறது.

பனங்காடு | திங்கள், இரவு 9.55

குதிரைவாலி ஐயா சொன்ன பதிவேட்டை இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களில் நானும் ஒருத்தி. மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். எங்களுக்குச் சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகைதான். பெரும்பாலும் மகளிர் குழுவிலிருந்து வந்தவர்கள்.

தோளில் ஒரு பை. அதில் பிபி மெஷின், சர்க்கரை பார்க்கும் மெஷின், மாத்திரை. காலை ஏழு மணிக்கு முன் போனால்தான் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். ஏற்கெனவே நோய் தெரிந்தவர்களுக்கு பிபி, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். புதிதாகத் தெரிந்தவர் ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்துச் சீட்டு எழுதி வாங்க வேண்டும். அதற்கப்புறம்தான் நாங்கள் கொடுக்கலாம். இதைத்தான் நிறையப் பேர் செய்வதில்லை. "நீயே கொடுத்துவிடேன் புள்ள" என்பார்கள். கொடுக்க முடியாது அக்கா, முடியாது தாத்தா என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும்.

அண்ணா, உங்கள் அப்பாவை அந்த ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். நடக்க முடியாதவருக்கு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்பு நர்ஸும் வருவார். உங்கள் துணை சுகாதார நிலையத்தில் கேட்டால் உங்கள் தெருவுக்கு யார் தன்னார்வலர் என்று சொல்லிவிடுவார்கள். அவர் போன் நம்பரையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

எருக்கம்பூ | செவ்வாய், காலை 6.50

மாத்திரை பற்றி ஒரு சந்தேகம். இலவச மாத்திரை வீரியம் குறைவு என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் அரசு மாத்திரையைத் தொடுவதே இல்லை. மாமனார் மாதம் 1,800 ரூபாய்க்கு மெடிக்கலில் வாங்குகிறார். பணம் இல்லாத மாதம் பாதி நாள் போடுவதில்லை. உண்மையில் வித்தியாசம் உண்டா?

கிடங்கு_சாவி | செவ்வாய், காலை 9.15

அரசு மருந்தாளுநராக இருந்தேன். இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பாருங்கள். தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர் இருக்காது, மருந்தின் பெயர் இருக்கும். மெட்பார்மின் என்றால் மெட்பார்மின், அவ்வளவுதான். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஆரம்பித்தார்கள். அதற்கு முன் ஆஸ்பத்திரிகளில் மருந்து எப்படி இருந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். ஒரு இடத்தில் மூட்டை மூட்டையாகக் காலாவதி, பக்கத்து ஊரில் பாராசிட்டமால் கூட இல்லை. கழகம் வந்ததும் மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர். வருகிற ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, மருந்தின் பெயரையும் கம்பெனியையும் மறைத்து, வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகுதான் கிடங்கிலிருந்து வெளியே போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக். எந்த மருந்து எவ்வளவு எடுத்தோம், மிச்சம் எவ்வளவு என்று அதில் வரவு வைப்போம். கேரளா, ராஜஸ்தான் எல்லாம் பிறகு இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தார்கள்.

மாமனாரிடம் சொல்லுங்கள்: பாதி நாள் போடும் விலை கூடிய மாத்திரையைவிட தினமும் போடும் இலவச மாத்திரை நல்லது. நம்பிக்கை வரவில்லை என்றால் மூன்று மாதம் போட்டுவிட்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை பார்க்கட்டும். ரத்தம் சொல்லிவிடும். ஆனால் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் மாற்ற வேண்டும், பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டுவிடக் கூடாது.

வயல்மேடு | செவ்வாய், இரவு 10.30

கண் கலங்குகிறது. எல்லோருக்கும் நன்றி. இன்னொரு விஷயம். அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். காப்பீட்டு அட்டை எடுத்ததே இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம் என்றால் எதற்காக "கார்டு இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள்?

மூன்றாம்_நம்பர்_கவுண்டர் | புதன், காலை 10.10

காப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன். இந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு ஐம்பது பேர் கேட்பார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் கார்டு இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு. அதைக் காரணம் காட்டி யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் கார்டு இருந்தால் அந்தச் சிகிச்சைக்கான தொகை காப்பீட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கே வரும். அந்தப் பணத்தில் கருவி வாங்கலாம், ஸ்டென்ட் மாதிரிப் பொருட்கள் வாங்கலாம், ஒரு பங்கு அந்தக் குழுவுக்கு ஊக்கத்தொகையாகப் போகும். அதனால்தான் கேட்கிறார்கள். உங்கள் கார்டு உங்கள் ஊர் ஆஸ்பத்திரியை வளர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் 2009-இல் தொடங்கியது. 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று நடக்கிறது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடும் சேர்ந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குடும்ப அட்டையில் அப்பா பெயர் எப்படி இருக்கிறதோ ஆதாரிலும் அப்படியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு இனிஷியல் மாறியிருந்தாலும் அலைய வேண்டியிருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும்போது இனிஷியலைத் திருத்த ஓடிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

திட்டத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில், கார்டில் அனுமதி வந்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 1800 425 3993-க்கு அங்கிருந்தே போன் செய்யுங்கள்.

சாலை விபத்துக்கு இது எதுவுமே வேண்டாம். "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் முதல் 48 மணி நேரம், யாராக இருந்தாலும், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. 2021 டிசம்பரில் 1 லட்சம் வரை என்று தொடங்கினார்கள், பிறகு 2 லட்சமாக்கினார்கள்.

தெற்குவீதி | புதன், மதியம் 1.05

குதிரைவாலி ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மாமியாருக்கு பிபி இருந்தது எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஐந்து வருடமாகத் தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி சிடி எடுக்க ஆள் இல்லாதது பற்றிக் கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். நாளைக்கு நேரில் கொடுத்து முத்திரை வாங்கப் போகிறேன். அதை விடுவதாக இல்லை.

வயல்மேடு, உங்கள் அம்மா எப்படி இருக்கிறார்? அவரைப் பற்றி யாருமே கேட்கவில்லை.

வயல்மேடு | புதன், இரவு 9.20

கேட்டதற்கு நன்றி அக்கா. அம்மா தினமும் மூன்றரை மணிக்கு எழுந்துவிடுகிறார். அப்பா மூச்சு விடுகிறாரா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறார். அப்புறம் விடியும் வரை உட்கார்ந்தே இருக்கிறார்.

இரவுப்பணி | புதன், இரவு 9.45

தம்பி, அதுவும் நோய்தான். 14416 என்று ஒரு எண், டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகும் அன்று அம்மாவுக்கும் ஒரு ஓபி சீட்டு போடுங்கள்.

வயல்மேடு | அடுத்த ஞாயிறு, இரவு 8.15

ஊருக்குப் போய் வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை இருவரையும் அதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை ஆட்டோவை வாசலில் நிறுத்தச் சொன்னேன். அப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டை டாக்டர் முழுவதும் படித்தார். பெயரைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். எங்கள் தெருத் தன்னார்வலர் யார் என்று கேட்டால், அம்மாவோடு நூறு நாள் வேலைக்குப் போனவரின் மகள்தான். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டேன். குடும்ப அட்டையில் அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறித்தான் இருந்தது, அதையும் திருத்தக் கொடுத்திருக்கிறேன்.

தாளை ஒட்டிவிட்டேன். அம்மாவுக்குப் படிக்க வராது. அதனால் எண்களை மட்டும் பெரிதாக எழுதி, 108 பக்கத்தில் ஒரு வண்டிப் படம் போட்டேன். தெருமுனை அடையாளமாகத் தண்ணீர்த் தொட்டியைச் சொல்ல வேண்டும் என்று மூன்று முறை சொல்லிக் காட்டச் சொன்னேன், சொன்னார்.

இரவுப்பணி அம்மா சொன்னபடி அம்மாவுக்கும் சீட்டு போட்டேன். "எனக்கு எதுக்குடா" என்று கையை நீட்டவே இல்லை. நர்ஸ்தான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பட்டையைக் கட்டினார். 178/104. கொஞ்ச நேரம் உட்கார வைத்து இன்னொரு தடவை பார்த்தார்கள், அதே அளவுதான். 61 வயதில் அம்மா பிபி பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதே பதிவேட்டில் அப்பாவுக்குக் கீழ் வரியில் அம்மா பெயரையும் எழுதினார்கள்.

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 8.31

முதல் ஒரு மாதம் மாத்திரை போட்டதும் அம்மாவுக்குத் தலை லேசாகச் சுற்றலாம். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள் தம்பி.